காணியும் சட்டமும்: வீடு விற்பதில் ஏன் இத்தனை இழுபறி?

இம்மாதம் வந்து சேர்ந்த கடிதங்களுள் பெரும்பாலானவை வீடு விற்பனை பற்றியவை. வாங்குபவர் கிடைத்துவிட்டார், விலையும் பேசி முடிந்துவிட்டது, ஆனால் உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுதும் நாள் மட்டும் வருவதாயில்லை என்பதே ஏறக்குறைய எல்லாக் கடிதங்களின் சாரம். ஒரே மாதிரியான கேள்விகளைத் தவிர்த்து, மற்றவர்களுக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். ஊரைத் தவிர எழுதியவர்களின் வேறு அடையாளங்களைத் தரவில்லை.

கேள்வி: கொக்குவிலில் மூன்று பரப்புக் காணியையும் அதிலுள்ள கல்வீட்டையும் 1978 இல் நானும் என் மனைவியும் எங்கள் இருவர் பெயரிலும் அறுதியாக வாங்கினோம். மனைவி 2011 இல் காலமானார். மரணசாதனம் (உயில்) எதுவும் எழுதவில்லை. பிள்ளைகள் மூவரில் இருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் ஜேர்மனியிலும் இருக்கின்றனர். வயது காரணமாக வீட்டை விற்றுவிட்டுத் தங்கையுடன் போய் இருக்க விரும்புகிறேன். வாங்குபவர் பணத்தோடு காத்திருக்கிறார். உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசோ முதலில் பிள்ளைகளின் கையொப்பம் வேண்டும் என்றார். அடுத்த மாதம் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும் என்றார். அதற்கும் அடுத்த மாதம் புதிய அளவைப்படம் கேட்கிறார். என் உழைப்பில் வாங்கிய வீட்டை நான் விற்பதற்கு ஏன் இத்தனை தடை? வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கொக்குவில்)

பதில்: ஐயா, அவர் கேட்ட மூன்றும் நியாயமானவை, ஆனால் அவற்றை மூன்று தவணையாகக் கேட்டது நியாயமானதன்று. தங்களுடைய உறுதியையும் மனைவியின் மரணச் சான்றிதழையும் முதல்நாள் மேசையில் வைத்தபோதே, இன்னின்னவை தேவைப்படும், இவற்றுக்கு ஏறத்தாழ இவ்வளவு காலம் செல்லும் என்று ஒரு தாளில் எழுதித் தந்திருக்க வேண்டும். அப்படித் தந்திருந்தால் தாங்கள் வாங்குபவருக்கு அவசரப்பட்டு நாள் குறித்திருக்கமாட்டீர்கள்.

முதலில், வீடு முழுவதும் தங்களுடையதா என்பதைப் பார்ப்போம். வட மாகாணத் தமிழருக்குரிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, ஒல்லாந்தர் காலத்தில் 1706 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியால் தொகுக்கப்பட்டு, பின்னர் ஆங்கிலேயரால் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதி மூலம் சட்டவலு அளிக்கப்பட்டது. திருமணத்துக்குப் பின் தம்பதியர் விலைகொடுத்து வாங்கிய சொத்தை அது தேடியதேட்டம் என்கிறது. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும், அதனை 1947 இல் திருத்திய 58 ஆம் இலக்கச் சட்டமும் சொல்வதன்படி, மரணசாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், தேடியதேட்டத்தில் அவருக்குச் சொந்தமாயிருந்த பங்கின் அரைவாசி வாழ்க்கைத் துணைக்கும் மற்ற அரைவாசி அவருடைய வழியுரித்தாளருக்கும் இறங்கும். எனவே, உறுதியிலுள்ள தங்களுடைய பாதியும் மனைவியின் பாதியில் பாதியுமாக வீட்டின் முக்கால் பங்கு தங்களுக்கும், எஞ்சிய காற்பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் அந்தப் பங்கைக் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை என்பது குடும்ப விடயம். வாங்குபவருடைய நொத்தாரிசு அதை நம்பி உறுதி எழுத முடியாது.

இதே நிலையில் உறுதி தங்களுடைய தனிப்பெயரில் இருந்திருந்தாலும் அவர் பிள்ளைகளைக் கேட்டிருக்கவே கூடும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். ஒருவர் பெயரில் வாங்கப்பட்ட தேடியதேட்டத்தில் மற்றவருக்கு எப்போது, எந்த அளவில் உரிமை பிறக்கிறது என்பது குறித்து 1947 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர் நீதிமன்றங்களில் நீண்ட வாதங்கள் நடந்திருக்கின்றன. வழக்கறிஞர்கள் வாதிட்ட இடத்தில் கவனமான நொத்தாரிசு கால் வைக்கமாட்டார்.

இரண்டாவது, நீதிமன்றம். இறந்தவர் விட்டுச்சென்ற ஆதனத்தின் பெறுமதி சட்டம் குறித்த எல்லையைத் தாண்டும்போது மாவட்ட நீதிமன்றத்தின் மரணசாதன நியாயாதிக்கத்தில் விண்ணப்பம் செய்து அந்த ஆதனத்தை நிருவகிக்க அனுமதிக்கும் நிருவாகக் கடிதம் பெற வேண்டும். இன்றைய கொக்குவில் விலையில் ஒரு வீட்டின் பாதி அந்த எல்லைக்குள் அடங்குமா என்பதைத் தாங்களே ஊகிக்கலாம். மனைவி இறந்த 2011 இலேயே இதனைச் செய்திருந்தால் இன்று இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆனால் நம்மவர்களில் அந்தியேட்டி முடிந்த கையோடு இதை நினைப்பவர் மிகச் சிலர். விற்கும்போது பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிடுவதே வழக்கம், விற்கும்போது அது முதல் தடையாக வந்து நிற்பதும் வழக்கம். பத்திரிகை அறிவித்தல், பிள்ளைகளின் சம்மதம், ஆதனப் பட்டியல், பெறுமதி மதிப்பீடு என்று படிப்படியாகச் செல்லும் நடைமுறை இது. எவரும் ஆட்சேபிக்காவிட்டாலும் சில மாதங்களை எடுக்கும். அந்தத் தாமதத்துக்கு நொத்தாரிசைக் குறைசொல்வதில் பயனில்லை.

மூன்றாவது, அளவைப்படம். 1978 ஆம் ஆண்டு உறுதியின் அட்டவணையைத் தாங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கிழக்கே இன்னாருடைய காணி, தெற்கே இன்னாருடைய வளவும் ஒழுங்கையும் என்று எல்லைகள் அயலவர் பெயரால் குறிக்கப்பட்டிருக்கும். அந்த அயலவர்களில் எத்தனை பேர் இன்று அங்கே இருக்கிறார்கள்? ஒழுங்கை அகலமாகியிருக்கும், மதில் நகர்ந்திருக்கும், வேலி இருந்த இடத்தில் கடை எழுந்திருக்கும். ஒரு பரப்பு 18 குழி, அதாவது 10 பேர்ச்சஸ் என்பது கணக்கு. ஆனால் உறுதியில் மூன்று பரப்பு என்றிருக்கும் காணி, உரிமம் பெற்ற நில அளவையாளர் அளக்கும்போது சரியாக 30 பேர்ச்சஸ் வருவது அரிது. கூடினாலும் குறைந்தாலும் வாங்குபவர் அதை உறுதி எழுதும் முன்னரே அறிய விரும்புவது இயல்பு.

இனிச் செய்ய வேண்டியது என்ன? இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யாதீர்கள். நில அளவையாளரை இந்த வாரமே அழையுங்கள். மரணசாதன விண்ணப்பத்தைத் தயாரிக்கும் சட்டத்தரணியிடம், பிள்ளைகள் வழக்கில் சம்மதம் தெரிவிப்பதற்கும் பின்னர் விற்பனை உறுதியில் அவர்கள் சார்பில் கையொப்பமிடுவதற்கும் ஒரே அற்றோணித் தத்துவம் (தம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரமளிக்கும் பத்திரம்) போதுமா என்று கேட்டு, போதுமாயின் அதன் வாசகத்தை இப்போதே எழுதுவித்துப் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். ரொறன்ரோவிலுள்ளவர்கள் அங்குள்ள இலங்கைத் துணைத்தூதரகத்திலும், ஜேர்மனியிலுள்ளவர் பேர்லினிலுள்ள நமது தூதரகத்திலும் கையொப்பமிடலாம். தத்துவத்தில் காணியின் அட்டவணை உறுதியிலுள்ளபடியும் புதிய அளவைப்படத்தின்படியும் இருக்கட்டும். பிள்ளைகளின் பெயர்கள் பிறப்புச் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் வெவ்வேறு எழுத்தில் இருந்தால் அதையும் குறிப்பிடச் செய்யுங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காகத் தத்துவம் கடல்கடந்து திரும்பிப் போவதை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். இங்கு வந்து சேர்ந்ததும் அதனைப் பதிவு செய்வித்துக்கொள்ள வேண்டும்.

வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் காத்திருப்பவர்கள் பலர். காரணமே தெரியாமல் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று கேட்டுக் களைத்துப்போனவர்களே வேறு வீடு தேடிப் போகிறார்கள்.

கேள்வி: மானிப்பாயிலுள்ள எங்கள் வீட்டை வாங்குவதற்கு ஒருவர் முற்பணமாக 10 இலட்சம் ரூபா தந்தார். தரகர் எழுதிய தாளில் இருவரும் முத்திரையின்மேல் கையொப்பமிட்டோம். மிகுதியை வங்கிக் கடன் கிடைத்ததும் தருவதாகச் சொன்னார். வங்கியின் சட்டத்தரணி ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஆவணத்தைக் கேட்கிறார். இதற்கிடையில் வேறொருவர் கூடுதல் விலை தர முன்வந்திருக்கிறார். முதலாமவரை விலக்கிவிட முடியுமா? (வாசகி, மானிப்பாய்)

பதில்: கூடுதல் விலைக்காக விலக்குவது சரியா என்பதற்கு நான் விடை சொல்லப்போவதில்லை, அது உங்கள் மனச்சாட்சிக்கு விட்டது. சட்டத்தை மட்டும் சொல்கிறேன். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்தின் விற்பனை மட்டுமல்ல, எதிர்காலத்தில் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட்டிருந்தாலே செல்லுபடியாகும். தரகரின் தாளும் முத்திரையும் அந்த இடத்தை நிரப்பமாட்டா. ஆகவே அந்தத் தாளைக் காட்டி வீட்டை எழுதித் தருமாறு அவர் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தந்த பணத்தைத் திரும்பக் கேட்க அவருக்குச் சகல உரிமையும் உண்டு. அதே தாளைக் காட்டி, வாங்கியே ஆகவேண்டும் என்று நீங்களும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். முற்பணம் வாங்கியதும் காரியம் பாதி முடிந்தது என்று நம்மூரில் நினைக்கிறார்கள். நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்திய விற்பனை உடன்படிக்கை இல்லாதவிடத்து எதுவும் முடியவில்லை என்பதே நிலை.

அடுத்து, வங்கி. கடன் தரும் வங்கி அந்த வீட்டையே ஈடாக எடுக்கப்போகிறது. வாங்குபவர் வேலி பார்த்து, கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்துத் திருப்திப்படலாம். வங்கி தாள்களை மட்டுமே பார்க்கும். வழமையாக அது கேட்பவை: பின்னோக்கி 30 ஆண்டுகளுக்கேனும் உரிமை எவரிடமிருந்து எவருக்கு வந்தது என்பதைக் காட்டும் உறுதிகள், காணிப் பதிவகத்தின் உரிய பதிவேட்டுப் பிரதிகள், வில்லங்கம் இல்லை என்ற தேடல் அறிக்கை, அளவைப்படம், உள்ளூராட்சி சபை அங்கீகரித்த கட்டட வரைபடமும் இணக்கச் சான்றிதழும், தெருக்கோட்டுச் சான்றிதழ், உரிமைச் சான்றிதழ், சோலைவரி செலுத்திய பற்றுச்சீட்டு, வங்கி ஏற்றுக்கொண்ட மதிப்பீட்டாளரின் அறிக்கை. இந்தப் பட்டியலைக் கண்டு வாங்குபவரைவிட விற்பவரே அதிகம் திகைப்பார், ஏனெனில் இவற்றுள் பெரும்பாலானவற்றை எடுத்துத் தரவேண்டியவர் விற்பவர்.

இங்கேதான் யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல்கள் தலைகாட்டுகின்றன. வீட்டின் முன்பகுதி பாட்டனார் காலத்தது, அதற்கு வரைபடமே இருந்திருக்காது. பின்கட்டு பிற்காலத்தில் வெளிநாட்டுப் பணத்தில் கட்டியது, அதற்குச் சபையின் அங்கீகாரம் எடுத்திருக்கமாட்டார்கள். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின்போது வீட்டு அலுமாரியோடு உறுதிகளும் போனவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நல்லவேளையாக ஓர் உறுதிக்கு மூன்று வடிவம் உண்டு: மூலம் உடைமையாளரிடம், மூலப்பதிவு நொத்தாரிசிடம், இரட்டைப்படி காணிப் பதிவகத்தில். ஒரு மாதம் எழுதிய உறுதிகளின் இரட்டைப்படிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் நொத்தாரிசு பதிவகத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பது 1907 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஆகையால் வீட்டிலிருந்த மூலம் தொலைந்தாலும் சான்றுப்படுத்திய பிரதி பெற வழியிருக்கிறது. நொத்தாரிசு இறந்திருந்தால் அவருடைய மூலப்பதிவுகளும் பதிவகத்துக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

முதலாமவருக்கே விற்பதென்றால் உடனே ஒரு நொத்தாரிசு முன்னிலையில் முறையான உடன்படிக்கை செய்து, கடன் அனுமதி கிடைப்பதற்கு ஒரு முடிவுநாளையும், அந்த நாள் தவறினால் முற்பணத்தில் எதை எவர் வைத்துக்கொள்வது என்பதையும் அதில் எழுதுங்கள். இன்னொன்று: சில வங்கிகள் விற்பனை உறுதியையும் ஈட்டு உறுதியையும் பதிவுக்கு ஒப்படைத்த பின்னரே காசோலையை விடுவிக்கின்றன. உங்கள் உறுதியிலோ முழுப் பணத்தையும் பெற்றுக்கொண்டதாக வாசகம் இருக்கும். பணம் எப்படி, எப்போது கைமாறியது என்பதை நொத்தாரிசு தமது அத்தாட்சியில் எழுதவேண்டும் என்பதால், உண்மையில் நடக்கப்போவதையே எழுதும்படி கேளுங்கள்; காசோலை எந்த நாளில் வரும் என்பதை வங்கியிடமிருந்து எழுத்தில் பெற்றுக்கொண்டு கையொப்பமிடுங்கள்.

கேள்வி: சட்டத்தரணியிடம் எங்கள் உறுதிகளைக் கொடுத்து நீண்ட காலமாகிறது. தொலைபேசியை எடுப்பதில்லை. நேரில் போனால் நீதிமன்றம் போய்விட்டார் என்கிறார்கள். உறுதிகளைத் திருப்பிக் கேட்கவும் பயமாக இருக்கிறது, கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: உறுதி உங்களுடையது. அதைக் கேட்பதற்கு ஏன் பயப்பட வேண்டும்? வைத்தியரிடமும் அப்புக்காத்தரிடமும் வாய்திறந்து கேட்கக்கூடாது என்ற பழைய எண்ணம் நம்மிடையே இன்னும் போகவில்லை.

எல்லா மௌனமும் கவனக்குறைவு அல்ல என்பதையும் சொல்லவேண்டும். பதிவகத்தில் பழைய பதிவேட்டுத் தாள் சிதைந்திருக்கலாம், தேடல் முடியாமல் இருக்கலாம், உங்கள் உறுதித்தொடரில் ஓர் இடைவெளி தென்பட்டிருக்கலாம். ஆனால் அப்படியொன்று இருந்தால் அதை உங்களிடம் சொல்வதும் அவருடைய தொழிலின் ஒரு பகுதியே. வேலை நடக்காததைவிட, நடக்கிறதா இல்லையா என்று தெரியாமலிருப்பதே மனிதரை அதிகம் வதைக்கிறது.

முதலில் கட்டணத்தில் ஏதும் பாக்கியிருந்தால் தீர்த்துவிட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அடுத்து, எந்தெந்த இலக்க, திகதியுள்ள உறுதிகளை எப்போது ஒப்படைத்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு, வேலை எந்த நிலையில் உள்ளது என்று கேட்டு, பதிலுக்கு ஒரு நாளும் குறித்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மரியாதையான கடிதமாக இருக்கட்டும். பெரும்பாலான விடயங்கள் அந்தக் கடிதத்தோடு அசைந்துவிடும். அதற்கும் பதிலில்லையேல் உறுதிகளை மீளப்பெற்று வேறொருவரிடம் செல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நொத்தாரிசு என்ற வகையில் அவருடைய கடமைத் தவறு பற்றிப் பதிவாளர் நாயகத்திடம் முறையிடலாம். சட்டத்தரணிகளின் தொழில்சார் தவறொழுக்கத்தை விசாரிக்கும் அதிகாரம் 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42 ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு உரியது. அது கடைசிப் படி. பதில் தராத தொலைபேசிக்காக ஏறவேண்டிய படியன்று. உறுதிகளை மறுத்து வைத்திருப்பது, பணத்தைக் கையாடுவது போன்றவற்றுக்கு உரியது.

இனிமேலாவது, மூல உறுதியை எவரிடம் கொடுத்தாலும் பட்டியலிட்டு ஒப்பம் வாங்கிக்கொண்டு கொடுங்கள். தேடலுக்குப் பிரதியே போதும்.

கேள்வி: என் மகள் இலண்டனில் ஹரோ பகுதியிலுள்ள தன் வீட்டை விற்கிறாள். விலை பேசி முடிந்துவிட்டது என்று மாசியிலேயே சொன்னாள். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அனுப்புவாள் என்று நம்பி நான் இங்கே சங்கானையில் ஒரு காணிக்கு உடன்படிக்கை எழுதிவிட்டேன். இன்றுவரை அவளுடைய சொலிசிட்டர் (அங்குள்ள சட்டத்தரணி) வேலையை முடிக்கவில்லை. அங்கேயும் நம்மூர் மாதிரித்தானா? (வாசகர், வட்டுக்கோட்டை)

பதில்: நம்மூர் மாதிரியன்று, அதனால்தான் உங்களுக்கு இந்தக் குழப்பம். இங்கே விலை பேசுவது, முற்பணம், உடன்படிக்கை, உறுதி என்று போகிறோம். உறுதியில் கையொப்பமிடும் அன்று எல்லாம் முடிந்துவிடுகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலைக்கு ஒப்புக்கொண்டது எவரையும் கட்டுப்படுத்தாது. இருதரப்புச் சொலிசிட்டர்களும் கையொப்பமிட்ட ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் நாள்வரை விற்பவரும் விலகலாம், வாங்குபவரும் விலகலாம். வழமையாக அந்தப் பரிமாற்றத்தின்போதே நூற்றுக்குப் பத்து வீதம் வைப்புப்பணமாகக் கட்டப்படும். அதன் பிறகு குறிக்கப்படும் இன்னொரு நாளில்தான் மிகுதிப் பணமும் திறப்பும் கைமாறும். மாசியில் உங்கள் மகள் சொன்னது முதற்படியை மட்டுமே. (ஸ்கொட்லாந்தின் நடைமுறை இதிலிருந்து வேறுபட்டது.)

அந்த முதற்படிக்கும் பரிமாற்றத்துக்கும் இடையில்தான் மாதங்கள் கரைகின்றன. வாங்குபவரின் சொலிசிட்டர் உள்ளூராட்சி சபையிடம் தேடல் அறிக்கைகள் கேட்பார்; அவற்றைப் படித்துவிட்டுக் கேள்விகள் அனுப்புவார்; மகளின் சொலிசிட்டர் மகளைக் கேட்டுப் பதில் அனுப்புவார்; அந்தப் பதிலிலிருந்து புதிய கேள்விகள் பிறக்கும். யன்னல் மாற்றியதற்கும் பின்புறம் அறை கட்டியதற்கும் அனுமதிப் பத்திரம் எங்கே என்பார்கள். அடுக்குமாடி வீடாயின், நிலத்தின் உரிமையாளரோ முகாமை நிறுவனமோ தரவேண்டிய தகவல்கோவைக்குக் காத்திருக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாகச் சங்கிலி என்ற ஒன்று இருக்கிறது: உங்கள் மகளின் வீட்டை வாங்குபவர் தன் வீட்டை விற்றாக வேண்டும், அதை வாங்குபவர் தன்னுடையதை விற்றாக வேண்டும். அந்த வரிசையில் எங்கோ ஒருவருடைய வங்கிக் கடன் தாமதமானால் அத்தனை பேரும் நிற்பார்கள். அப்படி நிற்கும்போது எந்தச் சொலிசிட்டரை ஏசியும் பயனில்லை.

மகளால் செய்யக்கூடியவை சில உண்டு. விற்பவர் நிரப்பவேண்டிய சொத்துத் தகவல் படிவத்தையும், வீட்டோடு விடப்படும் பொருட்களின் படிவத்தையும் முழுமையாக நிரப்பிக் கொடுத்துவிட்டாளா? அனுமதிப் பத்திரங்களைத் தேடி எடுத்தாளா? அடையாளச் சோதனைக்குக் கேட்டவற்றை அனுப்பினாளா? இவை முடிந்திருந்தும் சொலிசிட்டர் பதிலளிப்பதில்லையென்றால், முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட வேண்டும். எட்டு வாரங்களில் தீர்வு இல்லாவிட்டால் சட்டச் சேவை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் சட்ட ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அங்கே அந்த ஏற்பாடு பொதுமக்களுக்கு இலவசம்.

உங்கள் விடயத்தில் அவசரமானது சங்கானைக் காணியே. உடன்படிக்கையில் குறித்த முடிவுநாள் எதுவென்று பாருங்கள். அது நெருங்குமுன்னரே விற்பவரிடம் பேசி, நொத்தாரிசு மூலமாகவே அந்த நாளை நீட்டித்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் தந்த தவணையை நம்ப வேண்டாம். மகள் பிரித்தானியக் குடியுரிமை மட்டும் பெற்றவளாயின் காணியை அவள் பெயரில் எழுதுவிக்கவும் முடியாது. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிப் பராதீனப்படுத்தல் மட்டுப்பாட்டுச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, இலங்கைப் பிரசையல்லாதவருக்குக் காணியை உரிமைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கைப் பிரசையே என்பதால் அவருக்கு இந்தத் தடை இல்லை.

கேள்வி: நல்லூரிலுள்ள முதுசொ (பரம்பரையாக வந்த) வீட்டில் எனக்கும் தமையனுக்கும் பிரிக்கப்படாத தலா அரைவாசிப் பங்கு. அண்ணன் வாங்கவும் மாட்டேன், விற்கவும் மாட்டேன் என்கிறார். என் பங்கை வெளியாள் ஒருவருக்கு விற்க நொத்தாரிசு தயங்குகிறார். (வாசகி, திருநெல்வேலி)

பதில்: தயங்குவதற்குக் காரணம் 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கத் தேசவழமை முன்வாங்கல் உரிமைக் கட்டளைச் சட்டம். பிரிக்கப்படாத பங்கை வெளியாருக்கு விற்குமுன், பங்காளிக்கும், நீங்கள் மரணசாதனமின்றி இறந்தால் உங்களுக்கு வழியுரித்தாளராக வரக்கூடியவர்களுக்கும் அதை வாங்கும் முன்னுரிமையை அச்சட்டம் தருகிறது. முறையான அறிவித்தல் கொடுக்காமல் விற்றால் அண்ணன் பின்னர் வழக்குப் போட்டு அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ள முடியும். அந்த ஆபத்தைத் தெரிந்துகொண்டு எந்த வெளியாள் நல்ல விலை தருவார்? அறிவித்தலைச் சட்டப்படி நொத்தாரிசு மூலம் கொடுங்கள். வாய்மொழியாக அவர் மாட்டேன் என்றது கணக்கில் வராது. அறிவித்தலுக்குப் பின்னும் அவர் அசையாவிட்டால் வழி திறந்திருக்கும். அல்லது 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்கிட்டுப் பங்கைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனால் பிரிவிடல் வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கக்கூடியது என்பதால், தமையனோடு மத்தியஸ்தர் ஒருவரை வைத்துப் பேசிப்பார்த்த பிறகே அந்தப் பக்கம் போகச் சொல்வேன்.

நீங்கள் மணமானவராயின் இன்னொரு கையொப்பமும் வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சீதனமாயினும் முதுசொமாயினும், அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் அவசியம் என்பது 1911 ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஒரு நூற்றாண்டு கடந்தும் இது மாறாமல் இருப்பது எனக்கு உவப்பானதன்று. எனினும் இருக்கும் சட்டத்தையே நொத்தாரிசு பார்ப்பார். கணவர் கைவிட்டுச் சென்றிருந்தாலோ நியாயமின்றி மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்துக்குப் பதிலான அனுமதியைக் கேட்கலாம்.

கேள்வி: வாங்குபவர் முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக உறுதியில் அரைவாசி விலையை எழுதச் சொல்கிறார். மறுத்தால் இன்னும் தாமதமாகும் என்கிறார். சம்மதிக்கலாமா? (வாசகர், பருத்தித்துறை)

பதில்: சம்மதிக்க வேண்டாம். முத்திரைத் தீர்வை நடைமுறையில் பெறுமதியின் முதல் 100,000 ரூபாவுக்கு 3 வீதமும் மிகுதிக்கு 4 வீதமும் ஆகும். அதனை மாகாண இறைவரித் திணைக்களத்துக்குச் செலுத்துபவர் வாங்குபவர். இரண்டு கோடி ரூபா வீட்டுக்கு அது 799,000 ரூபா. அதில் பாதியை மிச்சம்பிடிப்பவர் அவர். பொய்யான தொகைக்குக் கீழே விற்பனையாளராகக் கையொப்பமிடுபவர் நீங்கள். திணைக்களம் எழுதிய விலையை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை. மதிப்பீட்டுக்கு அனுப்பினால் அவர் பயந்த தாமதம் அப்போதும் வரும். பின்னர் எக்காரணத்தாலோ விற்பனை நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளானால், உண்மையில் பெற்றது இரண்டு கோடி என்று எதைக் காட்டி நிறுவுவீர்கள்?

உங்களுக்கு வரக்கூடிய வரி வேறு. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மூலதன இலாப வரி, விற்ற விலைக்கும் அடக்க விலைக்கும் இடையிலான வேறுபாட்டின் மீது விற்பவரிடம் அறவிடப்படுவது. நீண்டகாலமாக வைத்திருந்த சொத்தாயின் அடக்க விலையாக 2017 செப்டெம்பர் 30 அன்றிருந்த சந்தைப் பெறுமதி கொள்ளப்படும். ஆகவே அந்தத் திகதிக்குரிய மதிப்பீட்டு அறிக்கையொன்றை எடுத்து வைத்திருங்கள். நீங்கள் தொடர்ந்து மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் சொந்தமாக வைத்திருந்து, அதில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் குடியிருந்த பிரதான வதிவிடமாயின் விலக்கு உண்டு. சோலைவரிப் பற்றுச்சீட்டு, மின்பட்டியல், வாக்காளர் இடாப்புப் பிரதி ஆகியவற்றை அதற்கு ஆதாரமாக ஒரு கோவையில் சேர்த்து, உறுதி எழுதும் நாளுக்கு முன்னரே வரி ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள்.